மண்டபச் சோறா, தெருமுனை பிரிட்ஜா, ரேஷன் அட்டையா?

வார்டில் யாரும் வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது என்று நாலு பேர் கிளம்பினால், முதலில் போய் நிற்பது கல்யாண மண்டபத்தில்தான். அண்டா நிறையச் சோறு குப்பைக்குப் போவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, பசித்தவருக்குச் சமைக்க அடுப்பு இருக்கிறதா என்பது. அதைப் பொறுத்தே வழி மாறும்.

பேருந்து நிலையத்தில் படுப்பவர்களுக்கும் அரசு மருத்துவமனை வாசலில் காத்துக் கிடக்கும் நோயாளிகளின் உறவினர்களுக்கும் அடுப்பு கிடையாது. அவர்களுக்குச் சமைத்த சாப்பாடுதான் வேண்டும். மண்டபச் சோறு இங்கே பொருந்தும்; சிக்கல் நேரம்தான். ரிசப்ஷன் முடிந்து இரவு பத்தரைக்கு அழைப்பு வரும். பாத்திரம் மாற்றி வண்டி போய்ச் சேரும்போது சாப்பிட வேண்டியவர்கள் தூங்கியிருப்பார்கள். அதனால் கடைசிப் பந்திக்கு முன்பே சமையல் மாஸ்டரிடம் பேசி, பந்திக்குப் போகாத பாத்திரங்களை மட்டும் எடுக்க வேண்டும். இலைப் பக்கம் போய் வந்த வாளிச் சோறு வேண்டாம். ஹாட் பாக்ஸில் 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருந்து, எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். மிதமான சூட்டில் கிடக்கும் சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். அது விடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. தேங்காய்ச் சட்னியையும் தேங்காய் போட்ட பொரியலையும் மண்டபத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று, ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. மண்டபத்தை மட்டும் நம்பிய குழு அந்த இரண்டு மாதமும் கையைப் பிசைந்து நிற்கும். மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் அம்மா உணவகத்தில் சாப்பிட வைக்கலாம். 2013-இல் தொடங்கியபோது வைத்த விலை இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. ஐம்பது பேருக்கு இரண்டு சாதமும் வாங்க அந்தக் கணக்கில் 400 ரூபாய். வேனுக்கு டீசல் போடுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உணவகம் இல்லாத ஊரில் நாமே சமைக்க வேண்டியதுதான். ஒரு கிலோ அரிசி ஏழெட்டுப் பேருக்கு வரும்.

மிஞ்சிய சாப்பாட்டை ஒருவர் வைத்துவிட்டுப் போக, வேண்டியவர் எடுத்துக்கொள்ளும் தெருமுனை பிரிட்ஜ் (குளிர்பதனப் பெட்டி) படம் எடுக்க அழகானது. சென்னை பெசன்ட் நகரில் 2017-இல் ‘அய்யமிட்டு உண்’ என்ற பெயரில் வைத்தது பலருக்கும் தெரியும். அதற்கு ஒரு காவலாளியும், சமைத்த தேதியை எழுதி ஒட்டும் பழக்கமும், தினமும் துடைக்க ஓர் ஆளும் வேண்டும். இவை இல்லாவிட்டால் முந்தாநாள் குழம்பைத் தள்ளிவிடும் இடமாகிவிடும். சூடான பாத்திரத்தை அப்படியே உள்ளே வைத்தால் மற்றதும் சேர்ந்து கெடும். வாழைப்பழம், ரொட்டி, பால் பாக்கெட் என்று வைத்துக்கொண்டால் பிழைக்கும்.

அடுப்பு இருந்தும் பானை காலியாக இருக்கும் வீடுகளுக்கு இவை எதுவும் சரிவராது. தனியாக வாழும் பாட்டிக்கு வாரம் ஒரு பொட்டலம் கொடுப்பதைவிட, அவர் பெயரை மகனின் அட்டையிலிருந்து நீக்கித் தனி அட்டை வாங்கித் தருவது பல மடங்கு மேல். மிக ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டை கிடைத்தால் மாதம் 35 கிலோ அரிசி, விலையில்லாமல். முதியோர் உதவித்தொகைக்கும் அதே நடையில் மனு போட்டுவிடலாம்.

விண்ணப்பம் தடுக்கி விழும் இடங்கள் பழகிப்போனவை: பெயர் பழைய அட்டையில் நீங்காமல் இருக்கும், ஆதாரில் பழைய முகவரி, ஓடிபி போகும் எண் எப்போதோ செத்திருக்கும். சித்தாள் வேலை பார்த்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. கடைக்கு வர முடியாத முதியவர் சார்பில் இன்னொருவர் பொருள் வாங்க அங்கீகாரச் சான்று இருக்கிறது. அதை யாரும் தானாகச் சொல்வதில்லை. சிக்கினால் வட்ட வழங்கல் அலுவலரிடமோ இரண்டாம் சனிக்கிழமைக் குறைதீர் முகாமிலோ எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். தொலைபேசியில் சொல்ல எண் 1967.

ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களிடம் சொந்த ஊர் அட்டையின் எண்ணைக் கேளுங்கள். ஆதார் இணைந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்ட அட்டை என்றால், 2020 அக்டோபரிலிருந்து தமிழகக் கடையிலேயே தன் பங்கை வாங்கலாம். மீதியை ஊரில் குடும்பம் வாங்கிக்கொள்ளும். தகரக் கொட்டகையில் அடுப்பு வைத்திருப்பவருக்கு இது போதும். வைக்க இடமில்லாதவரை மறுபடி, சமைத்த சாப்பாடு வேண்டிய முதல் வரிசையில்தான் சேர்க்க வேண்டும்.