கடலூருக்குச் சரக்கு வந்த மூன்று வழிகள்: பார்சல் கம்பெனி, நைட் சர்வீஸ், புக்கிங் ஆபீஸ் லாரி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் குடும்பத்துக்கு ஓர் இரும்புச் சாமான் கடை இருந்தது. ஆணி, கீல், தாழ்ப்பாள், பெயின்ட், கம்பி வலை என்று பாதிச் சரக்கு சென்னை மண்ணடியிலிருந்துதான் வரவேண்டும். 1970களிலும் 80களிலும் அது கடலூர் வந்து சேர மூன்று வழிகள் இருந்தன. தமிழ்நாடு முழுக்கக் கிளை வைத்திருந்த பெரிய பார்சல் கம்பெனி ஒன்று. சென்னைக்கும் புதுச்சேரி, கடலூருக்கும் மட்டும் ராத்திரியில் ஓடிய உள்ளூர்க்காரரின் லாரி இரண்டாவது; அதை எல்லோரும் நைட் சர்வீஸ் என்றே சொல்வோம். மூன்றாவது, லாரி புரோக்கரின் புக்கிங் ஆபீசில் பேசி முழு லோடாகப் பிடிக்கும் தனி லாரி.

பழைய வியாபாரிகள் கூடினால் இவற்றில் எது உசத்தி என்ற பேச்சு இன்றும் வரும். பெரும்பாலும் கம்பெனி லாரிக்குத்தான் ஓட்டு விழும். நான் நைட் சர்வீஸ் பக்கம். கையில் பெரிய முதல் இல்லாமல் லாரன்ஸ் ரோட்டிலும் மஞ்சக்குப்பத்திலும் கடை போட்டவர்கள் நிலைத்து நின்றதற்கு அந்த லாரிகள் ஒரு பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

ரயிலை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. விழுப்புரம்–புதுச்சேரிப் பாதை 1879லேயே வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் நம் பக்கம் மீட்டர் கேஜ். வடக்கிலிருந்து அகலப் பாதையில் வரும் சரக்கை இடையில் இறக்கி, வேறு வேகனில் ஏற்ற வேண்டும். வேகன் வேகனாக அனுப்பும் ஆலைகளுக்கு அது சரிப்படும். நாலு பெட்டி பெயின்ட் வாங்குகிறவருக்கு எப்படிச் சரிப்படும்?

பார்சல் கம்பெனிகளிடம் இருந்த ஒழுங்கு பஸ்ஸிலிருந்து வந்தது. மதுரையில் 1911ல் தொடங்கிய டி.வி.எஸ்., பொள்ளாச்சியின் ஏ.பி.டி. இரண்டுமே பஸ் ஓட்டிப் பெயர் எடுத்தவை. 1972ல் பஸ்கள் அரசுடைமை ஆனபோது டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்கும், ஏ.பி.டி. பஸ்கள் சேரனுக்கும் போயின. சதர்ன் ரோட்வேஸ், ஏ.பி.டி. பார்சல் சர்வீஸ் என்று சரக்குப் பக்கம் அந்தப் பெயர்கள் தொடர்ந்தன. நேரத்துக்குக் கிளம்புவது, டிப்போவில் வண்டியைப் பார்த்து அனுப்புவது, எதையும் பதிவேட்டில் ஏற்றுவது எல்லாம் அவர்களுக்குப் பழகிய வேலை.

அந்தக் கம்பெனிகள் கொடுத்த எல்.ஆர். என்ற லாரி ரசீதுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. வங்கிகள் சங்கத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கும் கம்பெனியின் எல்.ஆர். என்றால், சென்னை மொத்த வியாபாரி அதை வங்கி வழியாக அனுப்புவார். கடலூரில் நாம் பணத்தைக் கட்டி எல்.ஆரை வாங்கிக்கொண்டுதான் கோடவுனுக்குப் போக வேண்டும். முகம் தெரியாத இரண்டு பேர் நம்பி வியாபாரம் செய்ய அந்தக் காகிதம் போதும். சட்டமும் துணைக்கு இருந்தது. 1865ஆம் வருடத்துக் கேரியர்ஸ் சட்டப்படி சரக்கு தொலைந்தால், கம்பெனியின் கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால் வழக்குப் போடலாம். 2007ஆம் வருடச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2011 வரை அந்த வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான் ஓடியது.

ஆனால் சின்னக் கடைக்கு அந்த ஒழுங்கே சில நேரம் பாரமாகிவிடும். நம் சரக்கு நேராகக் கடலூர் வராது. வழியில் ஒரு பெரிய கோடவுனில் இறங்கி, பிரிந்து, வேறு லாரி ஏறும். கோடவுன் திறந்திருக்கும் நேரத்தில் ஆளை அனுப்ப வேண்டும். ரெண்டு நாள் தாமதித்தால் டெமரேஜ் என்று தாமதக் கட்டணம். ஒரு கீல் பெட்டி குறைந்தால் மனு, பில் நகல், பதிலுக்குக் காத்திருப்பு. ஐம்பது ரூபாய்ச் சரக்குக்காக யார் ஆறு மாதம் நடப்பார்கள்?

நைட் சர்வீஸில் இந்தப் பாடெல்லாம் கிடையாது. சாயங்காலம் மண்ணடி, பிராட்வே பக்கம் லோடு ஏற்றுவார்கள். கடலூர் மூட்டைகள் முதலில், கேபினை ஒட்டி. புதுச்சேரி மூட்டைகள் கடைசியில், பின்கதவு ஓரம். முதலில் இறங்குவது புதுச்சேரி அல்லவா! செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் வழியாக வந்து, குபேர் மார்க்கெட் பக்கத்துச் சரக்கை இறக்கிவிட்டு, விடியும் நேரத்தில் கடலூர். அப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை இல்லை. அது 1998ல்தான் வந்தது.

கடை வாசலிலேயே இறக்கிப் போடுவார்கள். லோடுமேன்களுக்கு ஒவ்வொரு கடையின் மார்க்காவும் (மூட்டை மேல் போடும் அடையாளக் குறி) மனப்பாடம். எல்.ஆர். என்று ஒரு துண்டுச் சீட்டு இருக்கும், ஆனால் எங்கள் அப்பா அதைப் பார்த்ததாக நினைவில்லை. ஒரு மூட்டை குறைந்தால் டிரைவரே சொல்லிவிடுவார்: "முதலாளி, ஒரு சிப்பம் பாண்டியில மாறி இறங்கிடுச்சு, நாளைக்கு வந்துடும்." அப்பாவும் "சரி தம்பி" என்பார். மறுநாள் வந்துவிடும். வாடகையை மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுப்போம். கையிருப்பு இல்லாத மாதம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். வங்கிக்குப் போய்க் கடன் கேட்க முடியாத கடைக்காரருக்கு லாரி முதலாளி கொடுத்த இந்தத் தவணை பெரிய உதவி. ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் துறைமுகத்தையும் கோட்டையையும் எழுதுவார்கள். இதையும் ஒரு வரி எழுத வேண்டும்.

சரக்கு மட்டுமா வந்தது? சென்னையில் மட்டுமே கிடைக்கும் மாத்திரை, பம்ப் செட்டுக்கு ஒரு உதிரிப் பாகம், 1985ல் எரிந்துபோவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய பாடப் புத்தகம் எல்லாம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக வரும். அதற்கு வாடகை கேட்டவர்கள் யாரும் இல்லை.

குறையும் சொல்ல வேண்டும், அதுவும் சின்னக் குறை இல்லை. ஒன்றிரண்டு லாரிதான் சொத்து. இன்ஜின் உட்கார்ந்துவிட்டால் அந்த வாரம் தெரு முழுக்கச் சரக்கு வராது. இன்சூரன்ஸ் என்ற பேச்சே இருக்காது. தார்ப்பாய் கிழிந்து சிமென்ட் நனைந்தால் பாதி அவர், பாதி நாம் என்று திண்ணையில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பதுதான். அளவுக்கு மீறி ஏற்றுவதும் நடந்தது. முதலாளி படுத்துவிட்டால் சர்வீஸும் படுத்துவிடும்; கம்பெனிக்கு அந்தக் கவலை இல்லை.

புக்கிங் ஆபீஸ் லாரி எங்கள் கடைக்கு அதிகம் தேவைப்படவில்லை. ஆனால் ஊரிலிருந்து வெளியே போன சரக்கெல்லாம் அதில்தான் போனது. பண்ருட்டிப் பலா, முந்திரி, நெல்லிக்குப்பம் சர்க்கரை, முதுநகர் துறைமுகத்தில் இறங்கிய உரம். கப்பல் கடலிலேயே நிற்கும், சரக்கு தோணியில் கரைக்கு வரும், அங்கிருந்து லாரி. புரோக்கர் கமிஷனைப் பிடித்துக்கொண்டு டீசலுக்கு அட்வான்ஸ் கொடுப்பார், பாக்கி இறக்கிய இடத்தில். வாடகை நாளுக்கு நாள் மாறும். பலா சீசன் உச்சத்தில் லாரிக்காரர் கேட்டதுதான் விலை. சீசன் முடிந்தால் அவரே ரிட்டன் லோடு தேடி வந்து நிற்பார். பழுத்துவிடும் பழம் கம்பெனியின் கோடவுனில் பிரிந்து, மாறிப் போகும்வரை காத்திருக்காது. அந்த வேலைக்கு இந்த லாரியை விட்டால் வேறு வழியே இல்லை. 1975ல் நேஷனல் பர்மிட் வந்த பிறகு வெளிமாநிலத்துக்கு ஓடுவதும் சுலபமானது.

இன்னொரு இடத்திலும் முழு லோடு லாரிதான் ஜெயித்தது. கடலூரிலிருந்து புதுச்சேரி வழியாகச் சென்னை போனால் முள்ளோடையில் ஓர் எல்லை, மறுபடி வடக்கே ஓர் எல்லை. யூனியன் பிரதேசத்தில் விற்பனை வரி வேறு என்பதால் செக்போஸ்டில் பில்லை வரி வரியாகப் பார்ப்பார்கள். முழு லோடுக்கு ஒரே பில், சட்டென்று விடுவார்கள். நைட் சர்வீஸில் ஐம்பது கடைச் சரக்கு, ஐம்பது பில். யாரோ ஒருவருடைய பில் இல்லையென்றால் லாரியே ஓரமாக நிற்கும், ஊர் முழுக்கக் காத்திருக்கும். 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபின் வணிகவரிச் செக்போஸ்ட் தொல்லை போனது. ஆனால் அதற்குள் எங்கள் நைட் சர்வீஸ்களும் போய்விட்டன.

இனி லாரிகள். லேலண்டா, பென்ஸா என்ற சண்டை டிரைவர்களுக்குள் தீரவே தீராது.

1948ல் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டிய அசோக் மோட்டார்ஸ், 1955ல் அசோக் லேலண்டு ஆனது. அதன் காமெட் லாரிதான் தென்னாட்டில் பெரிய கம்பெனிகளின் முதல் தேர்வு. டி.வி.எஸ். லேலண்டு விற்பனையாளராகவும் இருந்ததால், சர்வீஸும் உதிரிப் பாகமும் கைக்கெட்டும் தூரத்தில். டாடா 1954ல் டெய்ம்லர்-பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தது. 1969ல் ஒப்பந்தம் முடிந்து மூன்று முனை நட்சத்திரம் போய் 'டி' வந்தது. டிரைவர்கள் வாயில் அதற்குப் பிறகும் பல வருடம் அது பென்ஸ் லாரிதான். அதில் பேர்போன மாடலின் 1210 என்ற எண்ணில் கணக்கு இருக்கிறது: வண்டியும் சரக்குமாகப் பன்னிரண்டு டன், நூறு குதிரைச் சக்தி. முன்னால் நீளமாக மூக்கு வைத்தது ஒரு வகை, மூக்கைப் பாதியாகக் குறைத்த எஸ்.இ. இன்னொரு வகை.

லேலண்டு இழுவைக்குப் பெயர் போனது. பாரம் ஏற ஏற அதன் குணம் தெரியும். துறைமுக உரம், நெய்வேலி இயந்திரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு லேலண்டைச் சொல்வேன். பென்ஸ் டீசல் குறைவாகக் குடிக்கும், எந்தச் சின்ன ஊரிலும் அதை அவிழ்த்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் இருப்பார், விற்றால் நல்ல விலை போகும். சென்னை–கடலூர் சாலையில் மலை ஏற்றம் கிடையாது. ரயில்வே கேட், திண்டிவனம் பஜார் நெரிசல், இரண்டு ஊரிலும் சந்து சந்தாக நிறுத்தி இறக்குவது இவைதான் சிரமம். அதனால் ஒரே வண்டியை வைத்துப் பிழைத்த முதலாளிக்குப் பென்ஸ்தான் சரி, அதிலும் திருப்பிவளைக்கச் சுலபமான எஸ்.இ. காமெட்டை வாங்கிய உள்ளூர்க்காரர்கள் பெருமைக்கு வாங்கினார்கள் என்றே எனக்குத் தோன்றும். கடன் அடைக்கத் திணறியவர்களும் உண்டு.

பாடி கட்டுவதில் இரண்டுக்கும் பேதமில்லை. பாடி இல்லாத வெறும் சேசிஸாக வாங்கி, நாமக்கல் அல்லது திருச்செங்கோட்டில் மரக் கேபினும் மரப் பாடியும் கட்டிக் கொண்டுவருவார்கள். உப்புக் காற்று அடிக்கிற நம் ஊரில் மரம் தாங்கியது, தகடுதான் சீக்கிரம் அரித்தது. நெற்றியில் 'பப்ளிக் கேரியர்' என்று பலகை. 1939ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் சொல் அது. 1988ஆம் வருடச் சட்டம் அதை எடுத்துவிட்ட பிறகும் பெயின்டர்கள் பழக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

நைட் சர்வீஸை ஒழித்தது பார்சல் கம்பெனி இல்லை. 1986ல் வந்த டாடா 407, அப்புறம் 2005ல் வந்த டாடா ஏஸ், இவை போன்ற சின்ன வண்டிகள்தான். சென்னை மொத்த வியாபாரியே தன் வண்டியில் கடை வாசல்வரை அனுப்பத் தொடங்கினார்; வாடகையும் விலைக்குள் போய்விட்டது. எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த சர்வீஸ் லாரி ஒரு எஸ்.இ. முதலாளி அதைப் பண்ருட்டிக்காரர் ஒருவருக்கு விற்றார். அவர் சீசனில் பலா லோடும் மற்ற நாளில் செங்கல்லும் அடித்தார். அந்த வேலைக்கும் வண்டி நன்றாகவே உழைத்தது.