யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்கு எந்த ரயர்?

சைக்கிள் ரயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அதன் புடைப்புகளை. புடைப்புப் பெரிதென்றால் நெடுநாள் உழைக்கும் என்றொரு நம்பிக்கை. யாழ்ப்பாணத்தில் இது பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. இங்கே ரயருக்கு எமன் சேறும் கல்லும் அல்ல, முள். முட்கிளுவை வேலி கத்தரித்த மறுநாள் ஒழுங்கையால் போய் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நமது ஓட்டம் எப்படிப்பட்டது? காங்கேசன்துறை வீதியிலோ பருத்தித்துறை வீதியிலோ சில கிலோமீற்றர் காப்பெட் போட்ட தார் வீதி. பிறகு தோட்டங்களுக்கு நடுவே செம்மண் பாதை. வடமராட்சிக் கரையோரமென்றால் மணல். ஏற்ற இறக்கம் இல்லை. இதற்கு மூன்று வகை ரயர்கள் போட்டியிடுகின்றன.

முதலாவது, மலைச் சைக்கிளுக்கான 26 அங்குல, 1.95 அகல முரட்டு ரயர். இளைஞர்களின் தேர்வு இதுதான். செம்மண் காய்ந்திருக்கும்போது நன்றாகப் பிடிக்கும். மாரியில் அதே மண் புடைப்புகளுக்கிடையே அப்பி மட்காட்டை அடைத்துவிடும். காப்பெட்டில் முழு எடையும் நடுப் புடைப்புகளிலேயே இறங்குவதால் அவை விரைவில் தேய்கின்றன, இரைச்சல் வேறு. சோளகக் காற்றை எதிர்த்துப் பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போகிறவருக்கு இந்த ரயர் ஒரு தண்டனை. முள்ளும் புடைப்பில்தான் ஏறும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இடைவெளியில் ரப்பர் மெல்லியது. அங்கே ஏறினால் நேரே ரியூப்.

இரண்டாவது, லுமாலா போன்ற பழைய வகைச் சைக்கிள்களில் வரும் 28 x 1½. இதைக் கிழவர்களின் ரயர் என்று ஒதுக்குவது அநியாயம். நடுவில் ஓடும் வரிகளால் தார் வீதியில் இலகுவாக உருண்டு போகும். ஏறக்குறைய 40 மில்லிமீற்றர் அகலம் ஒழுங்கைக்குப் போதும். விலை குறைவு, எந்தச் சந்தியிலும் கிடைக்கும். குறை என்னவென்றால், முள்ளைத் தடுக்க உள்ளே தனிப்பட்டை கிடையாது. அதற்குத்தான் பழைய ரயரில் நீளமாக ஒரு துண்டு வெட்டி உள்பட்டையாக வைக்கும் வழக்கம். வேலை செய்யும் வைத்தியம்தான். ஆனால் துண்டின் ஓரங்களைச் சீவி மெல்லியதாக்காவிட்டால், அந்த ஓரமே ரியூபை உரசி ஓட்டையாக்கும்.

மூன்றாவது, முள்தடுப்புப் பட்டை கொண்ட நெடும்பயண ரயர். சுவால்பே நிறுவனத்தின் மரதன் பிளஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேல்ரப்பருக்கும் உள்நூலுக்கும் நடுவே 5 மில்லிமீற்றர் தடிப்பில் நெகிழ்வான ரப்பர் பட்டை இருக்கிறது. நெருஞ்சி முள்ளும் கண்ணாடிச் சில்லும் அதற்குள்ளேயே நின்றுவிடும். நீளமான உடை முள் நேராக ஏறினால் அதுவும் தோற்கும். பக்கச் சுவரில் பட்டை இல்லாததால் கருக்குமட்டையில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு ரயரே ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிறுக்கும், விலையும் கடிக்கும். தேடி எடுக்கவோ வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி அனுப்பவோ வேண்டியிருக்கலாம்.

அப்படிச் சொல்லி அனுப்பும்போது “28 ரயர்” என்று மட்டும் சொல்லாதீர்கள். 28 என்று அச்சடித்த ரயர்கள் எல்லாம் ஒரே றிம்முக்கு வராது. நமது 28 x 1½ ரயரின் விளிம்பு விட்டம் 635 மில்லிமீற்றர். 700சி என்று வருவதும் 28 என்றே சொல்லப்படுகிறது, அதன் விட்டம் 622. பதின்மூன்று மில்லிமீற்றர் வித்தியாசத்தை எந்தப் பலசாலியாலும் இழுத்துப் பொருத்த முடியாது. 26இலும் இதே வில்லங்கம் உண்டு: மலைச் சைக்கிளுக்கு 559, பெண்கள் சைக்கிள்களில் வரும் 26 x 1⅜க்கு 590. பக்கச் சுவரில் 40-635, 47-559 என்று (முதலில் அகலம், பிறகு விட்டம்) பொறித்திருப்பதைப் பார்த்து எழுதிக்கொடுங்கள். 635 அளவில் முள்தடுப்பு ரயர்கள் மிகக் குறைவு. பழைய சைக்கிள்காரர் பெரும்பாலும் உள்பட்டையோடுதான் சமாளிக்க வேண்டும்.

மணலைப் பற்றியும் கேட்பார்கள். மணற்காட்டு மணலில் புடைப்பு எதையும் சாதிக்காது. அகலமும் குறைந்த காற்றும்தான் உதவும். 47 மில்லிமீற்றர் ரயரில் தாருக்கு 50 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்திருப்பவர் மணலுக்கு 35 வரை இறக்கலாம். இறக்கிய காற்றோடு கல்வீதியில் வேகமாகப் போனால் றிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ரியூப் நசுங்கி இரட்டைப் பொத்தல் விழும். ஆழமான மணலில் இறங்கி உருட்டுவதே மேல்.

26 அங்குலச் சைக்கிள் வைத்திருப்பவருக்கு என் தேர்வு 1.75 அகலத்தில் முள்தடுப்பு ரயர். 28காரருக்கு நல்ல தடிப்பான சாதாரண ரயரும் சீவிய உள்பட்டையும். முரட்டு ரயரை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

இரண்டு ரயருக்குப் பணம் போதாவிட்டால் நல்லதைப் பின்சில்லில் போடுங்கள். எடையில் பெரும்பங்கு அங்கேதான். முன்சில்லு கிளறி நிமிர்த்திவிடும் முள்ளும் பின்சில்லில்தான் ஏறுகிறது. செயின் பெட்டி பூட்டிய சைக்கிளில் பின்சில்லைக் கழற்றுவது அரைநாள் வேலை.