தந்தையின் பனி, மகனின் பனி

1870-இல் பிரான்ஸ்–பிரஷ்யப் போருக்குத் தப்பி லண்டன் வந்த பிரெஞ்சு ஓவியர் கமீல் பிசாரோ, நார்வுட் பகுதியின் ஃபாக்ஸ் ஹில் சாலையை வரைந்தார். வளைந்து போகும் தெரு, நடந்து செல்லும் சிலர், நாளைக்கே கரைந்துவிடுவது போன்ற மெல்லிய வெண்பனி. பார்த்தாலே குளிர் உடம்பில் ஏறும்.

அப்போது ஏழு வயதான அவர் மகன் லூசியன், அவரும் ஓவியர்தான், பின்னாளில் இங்கிலாந்திலேயே குடியேறினார். அங்குள்ள சர்ரே மாவட்டத்தில் 1916-இல் அவர் வரைந்த ‘ஐவி காட்டேஜ், கோல்ட்ஹார்பர்: வெயிலும் பனியும்’ வேறு மாதிரி. தந்தை வானிலையைச் சட்டென்று பிடிக்கிறார். மகனோ நிறங்களைச் சிறு சிறு தீற்றல்களாகப் பொறுமையாக அடுக்குகிறார். இளவயதில் பிரெஞ்சு ஓவியர் செராவின், சிறு புள்ளிகளால் வரையும் முறையைப் பழகிய கை அல்லவா!

தந்தையின் ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில், மகனுடையது பிரிட்டனின் டேட் அருங்காட்சியகச் சேகரிப்பில். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், சரி, நான் லூசியனிடம்தான் போவேன்.