டொப்பிங் டி10எஸ்: ராஸ்பெரி பையையும் பழைய ரிசீவரையும் இணைக்கும் பெட்டி, அதற்கு வேண்டிய 5 வோல்ட்

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து வீடுகளில் பத்துப் பதினைந்து வருடப் ஸ்பீக்கர்களை ஓட்டும் பழைய ரிசீவர்கள் இன்னும் நன்றாகவே உழைக்கின்றன. பின்னால் டிஜிட்டல் ஒலியை ஒளியாக வாங்கும் ஒப்டிக்கல் துளை இருக்கும், மின்னாக வாங்கும் கோஎக்சியல் துளை இருக்கும். யூஎஸ்பி வழியே பாட்டை வாங்கும் வசதி மட்டும் இருக்காது. மறுபக்கம், ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில் மூட் ஓடியோ அல்லது வொலூமியோ என்ற பாட்டு மென்பொருளை ஏற்றினால் அருமையான நெட்வேர்க் பிளேயர் ஒன்று கிடைத்துவிடும். ஆனால் அதில் ஒப்டிக்கலும் இல்லை, கோஎக்சியலும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே வைக்க டொப்பிங் டி10எஸ் நல்ல தெரிவு.

பெயரளவில் இது ஒரு டாக், அதாவது டிஜிட்டல் பாட்டை அனலொக் ஒலியாக்கும் கருவி. உள்ளே எக்ஸ்மொஸ் எக்ஸ்யூ208 சிப் யூஎஸ்பியைக் கவனிக்கிறது, ஈஎஸ்9038கியூ2எம் அனலொக் ஒலியைத் தருகிறது. பின்பக்கத்தில் ஆர்சிஏ சோடியோடு கோஎக்சியல், ஒப்டிக்கல் வெளியீடுகளும் இருப்பதால் யூஎஸ்பியிலிருந்து எஸ்பிடிஐஎஃப் (கோஎக்சியல், ஒப்டிக்கல் துளைகளில் போகும் டிஜிட்டல் ஒலி முறை) ஆக்கும் கொன்வேர்ட்டராகவும் பயன்படுகிறது. முன்பக்கச் சிறு திரை அந்த நேரத்தில் எந்த சாம்பிள் ரேட் (ஒரு விநாடிக்கு ஒலி எத்தனை தடவை அளக்கப்பட்டிருக்கிறது என்ற எண்) வருகிறது என்று காட்டும். சிறிய கறுப்புக் கொன்வேர்ட்டர் பெட்டிகள் பலவற்றில் இந்தத் திரை கிடையாது, அங்கேதான் டி10எஸ் முந்துகிறது. 44.1 கிலோஹேர்ட்ஸ் சீடிப் பாட்டைப் போடும்போது திரை 48 என்று காட்டினால், பிளேயர் உள்ளே எங்கோ ரேட்டை மாற்றுகிறது என்று அர்த்தம். வேறு எதையும் தேடாமல் மென்பொருளின் ரீசாம்பிளிங் பக்கத்துக்கு நேரே போகலாம்.

வாங்குமுன் ஒன்றை யோசியுங்கள். ரிசீவரில் வெறுமையான அனலொக் துளை இருந்து, அது அறை ஒலித் திருத்தம் எதையும் செய்யாத சாதாரண அம்பிளிஃபயராக இருந்தால், கோஎக்சியலே தேவையில்லை. டி10எஸ்ஸின் ஆர்சிஏயையே மாட்டுங்கள், பழைய ரிசீவருக்குள் இருக்கும் டாக்கைவிட இது பெரும்பாலும் மேல். அறைத் திருத்தம் செய்யும் ரிசீவர், டிஜிட்டல் துளை மட்டும் உள்ள ஸ்பீக்கர், யூஎஸ்பி இல்லாத நல்ல டாக், இப்படியானவற்றுக்கே டிஜிட்டல் வழி பொருந்தும்.

இனி மின்சாரம். இந்தப் பெட்டியைப் பற்றி வரும் குறைகளில் பல பெட்டியின் குறையாக இருப்பதில்லை. டி10எஸ்ஸுக்குத் தனி அடப்டர் கிடையாது, யூஎஸ்பி வயரில் வரும் 5 வோல்ட்தான் அதன் சாப்பாடு. யூஎஸ்பி 2.0 துளை ஒன்று 500 மில்லி அம்பியர் வரை தரவேண்டும். பை 4இன் நான்கு துளைகளுக்கும் சேர்த்து எல்லை 1.2 அம்பியர். பை 5ஐ 3 அம்பியர் அடப்டரில் ஓட்டினால் அது துளைகளின் மொத்தத்தை 600 மில்லி அம்பியராகச் சுருக்கிக்கொள்ளும், முழு அளவு வேண்டுமென்றால் 5 வோல்ட் 5 அம்பியர் அடப்டர் வேண்டும். கொன்வேர்ட்டர் மட்டும் என்றால் எதிலும் பிரச்சினை இல்லை. பாட்டுகளை வைத்திருக்கும் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்கையும் அதே பையில் செருகும்போதுதான் சிக்கல். டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடிகளில் அது 1 அம்பியர் வரை இழுக்கலாம். வோல்ட் விழும், எக்ஸ்மொஸ் சிப் ரீசெட் ஆகும், பாட்டு நிற்கும், பிளேயர் 'கருவி இல்லை' என்று சொல்லும்.

அடுத்தது வயர். யூஎஸ்பி வயரின் உறையில் இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும், வாசித்துப் பாருங்கள். மின்சாரக் கம்பியின் தடிப்பு இலக்கம் (ஏடபிள்யூஜி, இலக்கம் கூடினால் கம்பி மெல்லியது) 28 என்றால் ஒரு மீற்றர் நீளத்துக்குப் போக வர ஏறத்தாழ 0.43 ஓம். அரை அம்பியர் ஓடும்போது அதிலேயே 0.2 வோல்ட் தொலைந்துவிடும். இலக்கம் 24 என்றால் 0.08 வோல்ட்தான். இதே கணக்கு அடப்டரிலிருந்து பைக்குப் போகும் வயருக்கும் பொருந்தும், அங்கே ஓட்டம் கூடுதல் என்பதால் இழப்பும் கூடும். கைபேசிச் சார்ஜரும் மெல்லிய வயரும் சேர்ந்தால் பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, திரை மாட்டியிருந்தால் மின்னல் அடையாளம் காட்டும். பைக்கான அதிகாரபூர்வ 5.1 வோல்ட் 3 அம்பியர் அடப்டரை வாங்குங்கள். அந்த மேலதிக 0.1 வோல்ட் வயர் இழப்புக்காகவே வைத்தது. கொன்வேர்ட்டர் வயர் அரை மீற்றர் போதும்.

ஹார்ட் டிஸ்க் வேண்டும் என்றால் டிஸ்க்கைத் தனி மின்சாரமுள்ள ஹப்பில் (ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாக்கும் பெட்டி) போட்டு, கொன்வேர்ட்டரைப் பையிலேயே நேராக விடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஹப் வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம்: ஹப்பின் அடப்டரைப் போட்டு, ஹப்பைப் பையில் செருகி, பையின் மின்சாரத்தைக் கழற்றுங்கள். பையின் சிவப்பு விளக்கு அணையாமல் மினுங்கினால் அந்த ஹப் பின்பக்கமாக 5 வோல்ட்டைத் தள்ளுகிறது, அதை எடுக்காதீர்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ பையையும் கையில் கொண்டுபோய் நின்றால் இரண்டு நிமிட வேலை.

விலை கூடிய லீனியர் மின்வழங்கி (மின் இரைச்சல் குறைந்த அடப்டர் வகை) இதற்குத் தேவையா? எங்கள் முடிவு, தேவையில்லை. அசிங்க்ரனஸ் முறையில் கடிகாரம் டி10எஸ்ஸுக்குள் இருக்கிறது, பை அதன் தாளத்துக்கு டேட்டாவைக் கொடுத்தால் போதும். அந்தப் பணத்தை ஸ்பீக்கர் பக்கம் போடுங்கள்.

இரைச்சலைத் தடுக்க இரு கருவிகளின் மின்தொடர்பைப் பிரிக்கும் யூஎஸ்பி ஐசொலேட்டர் வாங்குவோர் கவனிக்கவும். மலிவானவை பெரும்பாலும் ஏடியூஎம்4160 அல்லது 3160 சிப்பில் ஓடுபவை. அவை 12 மெகாபிட் வேகத்துக்கு மேல் போகாது. 192 கிலோஹேர்ட்ஸை எடுக்கும் கொன்வேர்ட்டருக்கு 480 மெகாபிட் வேகம் வேண்டும். செருகினால் ஒன்றில் பை கொன்வேர்ட்டரைக் கண்டுபிடிக்கவே மாட்டாது, அல்லது குறைந்த ரேட்டில் நின்றுவிடும். போதாததற்கு உள்ளே இருக்கும் 1 வாற் மின்மாற்றுத் துண்டு 200 மில்லி அம்பியர்தான் தரும்.

இரைச்சலை நிறுத்த அதைவிட மலிவான வழி ஒப்டிக்கல். கோஎக்சியலில் இரண்டு பெட்டிகளின் கிரவுண்டும் ஒட்டிக்கொள்கிறது. பையின் அடப்டரில் எர்த் இல்லை, ரிசீவரில் டிஷ் ரீவிப் பெட்டி மாட்டியிருக்கும், அந்த வழியாகக் கூரையிலிருக்கும் அன்டனாவும் சேர்ந்துகொள்ளும். பழைய தொடர்மாடிகளில் சுவர் சொக்கெற்றின் எர்த்தே சந்தேகம். தம்புராச் சுருதியை மெதுவாக ஓடவிட்டுக் கேளுங்கள்: அடியில் 50 ஹேர்ட்ஸ் ரீங்காரம் இருந்தால் சுருதியோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும். டேட்டா தவறினால் சுருதியில் ஊசி குத்தியது போல 'டிக்' விழும். ரீங்காரம் என்றால் ஒப்டிக்கலுக்கு மாறுங்கள், 'டிக்' என்றால் மின்சாரத்தையும் நெட்வேர்க்கையும் பாருங்கள். உலோக உறை போட்ட ஈதர்நெட் வயரும் கிரவுண்டைக் கடத்தும், சாதாரண உறையில்லாத வயரே நல்லது.

கோஎக்சியலே வேண்டும் என்றால் 75 ஓம் வயர் போதும், டிஷ் ரீவிக்காரர் இழுக்கும் ஆர்ஜி6 வயரின் இரு முனையிலும் ஆர்சிஏ பிளக் போட்டால் முடிந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும். ஆர்சிஏ பிளக்கில் கிரவுண்டுக்கு முன் நடு ஊசி தொடும், எர்த் இல்லாத அடப்டரின் கசிவு மின்சாரம் அந்த ஊசி வழியே பாயும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றுக்கு ஆர்சிஏ பிளக்குகள் மங்கிப்போகும். ஆறு மாதத்துக்கொருமுறை கழற்றி, சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து மாட்டுங்கள்.

ஒப்டிக்கலில் செந்நிற ஒளி தெரிகிறது, சத்தம் வரவில்லை என்றால் பெரும்பாலும் ரேட் பிரச்சினைதான். பழைய ரிசீவர்கள் பல 96 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் ஒப்டிக்கலில் வாங்காது. பிளேயரில் உச்சத்தை 96 என்று கட்டுங்கள். டிஎஸ்டி (ஒற்றை பிட் ஒலி முறை) கோப்புகளையும் சீடியில் உள்ள வழமையான பிசிஎம் முறைக்கு ஆக்கி அனுப்புங்கள், இல்லாவிட்டால் ரிசீவரில் பாட்டு கேட்காது.

மென்பொருளில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். லினக்ஸுக்கு டிரைவர் தேவையில்லை. பையின் சொந்த ஒலியையும் எச்டிஎம்ஐ ஒலியையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கருவிகளின் வரிசை எண் மாறி, மின்வெட்டுக்குப் பிறகு பிளேயர் வேறு கருவிக்குப் பாட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். எண்ணைவிடப் பெயரால் கருவியைத் தெரிவது பாதுகாப்பு. வொலியூம் கட்டுப்பாட்டை 'நிலையானது' என்று வைத்து, சத்தத்தை ரிசீவரிலேயே கூட்டிக் குறையுங்கள்.

பை 3பி வைத்திருப்போருக்கு: அதில் ஈதர்நெட்டும் நான்கு யூஎஸ்பியும் ஒரே யூஎஸ்பி 2.0 பாதையில் ஓடுகின்றன. சீடித் தரத்துக்குப் போதும். 192 கிலோஹேர்ட்ஸ் கோப்பை நெட்வேர்க்கிலிருந்து இழுத்து அதே நேரம் கொன்வேர்ட்டருக்கும் தள்ளும்போது 'டிக்' வரலாம். பை 4இல் ஈதர்நெட்டுக்குத் தனிப் பாதை உண்டு.

கரண்ட் போவதைப் பற்றியும் சொல்லவேண்டும். ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யூபிஎஸ்ஸில் 5 வோல்ட் துளையும் இருக்கும், பையை அதில் மாட்டும் ஆசை வரும். முதலில் ஸ்டிக்கரில் அம்பியரைப் பாருங்கள், 3க்குக் குறைவென்றால் ரவுட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யூபிஎஸ் இல்லாத வீட்டில் பைகோர்பிளேயர் என்ற பிளேயர் மென்பொருள் நல்லது. அது முழுவதும் ரேமில் ஏறி ஓடுவதால், பாட்டின் நடுவே கரண்ட் போனாலும் எஸ்டி கார்ட் கெடும் வாய்ப்பு மிகக் குறைவு.