சிம்லிங்க் சுழலில் எந்தக் கமாண்ட் வாயைத் திறக்கிறது?

காரைக்குடியில் எங்கள் ஸ்டுடியோவில் ஒரு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளை எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான், ஊருக்கு ஒரு ஃபோல்டர். போன வாரம் பேக்கப் எடுக்கப் போனால் கானாடுகாத்தான் ஃபோல்டருக்குள் 'எல்லாம்' என்று ஒரு சிம்லிங்க் (வேறொரு ஃபைலையோ ஃபோல்டரையோ காட்டுகிற குறுக்குவழி), அது மேலே இருக்கிற 'வீடுகள்' ஃபோல்டரையே காட்டுகிறது (போட்டது நான்தான், வேறு யாரைச் சொல்ல). பின்கட்டைத் தாண்டினால் அடுத்த தெரு வராமல் மறுபடி முகப்பிலேயே வந்து நிற்கிற வீடு மாதிரி. சரி, எந்தக் கமாண்ட் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

ஃபைல்களைத் தேடுகிற ஃபைண்டுக்குத்தான் முழு மார்க். சும்மா ஓட்டினால் லிங்க் பக்கமே போகாது. பெரிய எல் (-L) போட்டால் உள்ளே போகும், ஆனால் சுழல் என்று தெரிந்ததும் இந்தப் பாதையும் அந்தப் பாதையும் ஒரே சுழல் என்று இரண்டு பாதையையும் எழுதிக் காட்டிவிட்டு மிச்ச ஃபோல்டர்களைப் பார்க்கப் போய்விடும், எக்சிட் கோடும் (கமாண்ட் முடியும்போது தருகிற எண், பூஜ்யம் என்றால் சிக்கல் இல்லை) பூஜ்யமாக வராது என்பதால் ஸ்கிரிப்டில் பிடித்துவிடலாம். ஃபைலுக்குள் எழுத்தைத் தேடுகிற கிரெப் பெரிய ஆரில் (-R) எச்சரிக்கை தரும், ஆனால் ஒரு பாதையோடு சரி.

இன்னொரு கூத்து 'அட்டைப்படம்' என்ற லிங்க். அது 'புதுசு' என்ற லிங்க்கைக் காட்ட, 'புதுசு' திரும்ப 'அட்டைப்படம்' என்கிறது. ஃபைலில் இருப்பதைக் காட்டுகிற கேட் போட்டால் சிம்பாலிக் லிங்க் அடுக்குகள் அதிகமாகிவிட்டன என்று எரர். பக்கத்தில் இருந்த தம்பி, "அண்ணே, ரெண்டு லிங்க்தானே இருக்கு, இதுல என்ன அடுக்கு?" என்றான். நியாயமான கேள்வி. லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தின் உள்கரு) இங்கே சுழலைக் கண்டுபிடிப்பதே இல்லை, எண்ணுகிறது, அவ்வளவுதான். 40 லிங்க் தாண்டினால் கையை விரித்துவிடும், அதனால்தான் எரரில் சுழல் என்ற பேச்சே இல்லை.

ஒரு பாதை உண்மையில் எங்கே போகிறது என்று சொல்கிற ரியல்பாத்தும் அதே எரரைச் சொல்கிறது, பரவாயில்லை. லிங்க் எதைக் காட்டுகிறது என்று சொல்கிற ரீட்லிங்க்தான் மோசம். சின்ன எஃப் (-f) போட்டு ஓட்டினேன், ஒரு எழுத்து வரவில்லை, டெர்மினல் அடுத்த வரிக்கு வந்து நிற்கிறது. எக்சிட் கோடைக் கேட்டால்தான் 1 என்கிறது. சின்ன வி (-v) சேர்த்த பிறகுதான் வாயைத் திறந்தது. அதை முதலிலேயே சொன்னால் என்ன?