“டிடி கேஸா தம்பி?” என்று கேட்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடித்திருந்தேன், வண்டியும் ஓட்டினேன். யாரும் எனக்காக உச்சுக்கொட்ட வேண்டாம். அந்தத் தப்புக்குச் சட்டம் கேட்டது 10,000 ரூபாய். அதிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைத்ததற்கு நான் கொடுத்தது 28,000. இந்தப் பதிவு அந்த 28,000 பற்றியது.

2024 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. கூட வேலை பார்ப்பவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். விருந்து மதியத்தோடு முடிந்தது, மொட்டைமாடிக் கச்சேரி ராத்திரி வரை நீண்டது. பதினொன்றரை மணிக்குக் கிளம்பினேன். மேம்பாலம் இறங்கும் இடத்தில் பேரிகேடு போட்டு நின்றிருந்தார்கள். வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள், ஊதச் சொன்னார்கள். பாதியில் மூச்சை நிறுத்தினேன். “இந்த வேலையெல்லாம் வேணாம், முழுசா ஊதுங்க” என்றார் எஸ்.ஐ. இரண்டாவது தடவை மிஷின் 68 காட்டியது. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வழக்கு. பஸ் டிக்கெட் அகலத்துக்கு ஒரு சீட்டு வெளியே வந்தது. அதில் கையெழுத்துப் போட்டேன். வண்டியை அவர்களே வைத்துக்கொண்டு, என்னைக் காலையில் வரச் சொன்னார்கள். நல்லவேளை, பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. 2022 அக்டோபரிலிருந்து சென்னையில் கூட வருபவர் மேலும் வழக்குப் போடுகிறார்கள்.

நான் லிஃப்ட் சர்வீஸ் மெக்கானிக். ஒரு நாளைக்கு ஆறேழு கட்டடம் போவேன். நடுராத்திரியில் யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் போன் எனக்குத்தான் வரும். பைக் இல்லாமல் இந்த வேலை இல்லை. அதனால் அன்று ராத்திரி முழுக்க என் மண்டைக்குள் ஓடியது ஒன்றுதான்: லைசென்ஸ் போய்விடுமா?

அந்தப் பயத்தைத்தான் அவர்கள் காசாக்குகிறார்கள்.

காலையில் வண்டி எடுக்கப் போனபோது ஸ்டேஷனுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். கக்கத்தில் ஃபைல் வைத்த ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். “டிடி கேஸா தம்பி?” போலீஸ்காரர்கள் குடிபோதை வழக்கை அப்படித்தான் சொல்கிறார்கள். அவர் வாயிலும் அதே வார்த்தை வந்ததும் உள்ளே ஆள் இருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அரை மணி நேரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் வக்கீல் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சுவர் முழுக்கத் தடித்தடியாகச் சட்டப் புத்தகங்கள், சாமி காலண்டர், சத்தம் போடும் ஃபேன்.

வக்கீல் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், ரீடிங் எவ்வளவு, எதில் கையெழுத்துப் போட்டேன், ஒன்றுமே இல்லை. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்து நீட்டினேன், பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். “வாசனை வருது, தள்ளாடுறான்னு சொன்னா கேஸ் நிக்காதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு தம்பி. ஒண்ணுமில்லாம பண்ணிடலாம். லைசென்ஸுக்கு நான் பொறுப்பு” என்றார். கேட்கக் கேட்கக் காதில் தேன் பாய்ந்தது.

தனக்கு 8,000, கோர்ட் செலவுக்கு 10,000, “அங்கங்க குடுக்கணும்” என்று இன்னொரு 10,000. மூன்று தவணையாக ஜிபேயில் அனுப்பினேன். மூன்றும் அந்த ஃபைல்காரரின் மச்சான் நம்பருக்குப் போனது. ரசீது கேட்டதற்கு, “இதுக்கெல்லாம் ரசீது குடுத்தா நம்ம ரெண்டு பேருக்கும் சிக்கல்” என்றார். வக்காலத்துப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அப்புறம் “எதுக்கும் இருக்கட்டும்” என்று இரண்டு வெள்ளைத்தாளிலும் வாங்கினார்கள். போட்டேன். லிஃப்ட் வந்து நிற்காமல் வெறும் பள்ளத்தில் யாராவது கால் வைப்பார்களா? வைத்தேன்.

நான் எப்போது கோர்ட்டுக்கு வர வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டேன். “நீங்க எதுக்கு வரணும்? அதுக்குத்தானே நாங்க இருக்கோம்.” ஏப்ரலில் ஒரு சாயங்காலம் வாட்ஸ்ஆப்பில் படம் வந்தது. அபராதம் கட்டிய ரசீது, கீழே ‘கேஸ் குளோஸ்’ என்று ஒரு வரி. கேஸே நிற்காது என்றவர் ஏன் அபராதம் கட்டினார் என்ற சாதாரணக் கேள்விகூட எனக்குத் தோன்றவில்லை. மனைவியிடம் காட்டினேன். அவள் கையிலிருந்த போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “பேரு எங்கங்க காணோம்?” என்றாள். “கட்டைவிரல் மறைக்குது பாரு” என்றேன் பெருமையாக.

செப்டம்பரில் ஒரு அப்பார்ட்மெண்ட் மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் ரூமில் இருக்கிறேன், கை முழுக்க கிரீஸ். போன் வந்தது. வண்டி நம்பரைச் சரியாகச் சொல்லி, குடிபோதை வழக்கில் அபராதம் இன்னும் கட்டவில்லை, கோர்ட்டில் ஆஜராகி முடித்துவிடுங்கள் என்றார் ஒரு பெண். நான் ரொம்ப உஷாரான ஆள் அல்லவா, “இந்த ஃபிராடு வேலையெல்லாம் வேற எங்கயாவது வச்சுக்கோங்க” என்று கட் பண்ணிவிட்டேன். கட்டாத அபராதத்தை நினைவுபடுத்த சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் கால் சென்டரே வைத்திருப்பது எனக்குத் தெரியாது.

ராத்திரி மனசு கேட்காமல் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். வழக்கு அப்படியே நிலுவையில் இருந்தது. அந்த ரசீதுப் படத்தை முதல்தடவையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை ஃபார்மிகா மேசை, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டைவிரல், நகத்தோரம் மை. கட்டைவிரலுக்குக் கீழே வண்டி நம்பர் மட்டும் பாதி தெரிந்தது. என்னுடையது டிஎன் 12. அதில் டிஎன் 22 என்று ஆரம்பித்தது. யாரோ எவரோ கட்டிய அபராதம்.

வக்கீலுக்குப் போன் போட்டால், “சிஸ்டத்துல அப்டேட் ஆகியிருக்காது தம்பி” என்றார். மறுநாளிலிருந்து எடுக்கவில்லை. மாடிக்கு மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் ஹைகோர்ட் போயிருக்கிறார் என்று குமாஸ்தா சொன்னார்.

நான் சர்வீஸ் பார்க்கும் ஒரு அப்பார்ட்மெண்டில் நாலாவது மாடியில் ஒரு வக்கீல் மேடம் இருக்கிறார். லிஃப்ட் விஷயமாகத்தான் பழக்கம். வெட்கத்தை விட்டு அவரிடம் போய் நின்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “குடிச்சிருந்தீங்களா?” ஆமாம் என்றேன். “எவ்வளவு நேரத்துக்கு முன்னாடி? ரீடிங் எவ்வளவு? அரெஸ்ட்னு சொன்னாங்களா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களா? சீட்டு வச்சிருக்கீங்களா?” ஏழு மாதத்தில் யாருமே கேட்காததை எல்லாம் ஐந்து நிமிடத்தில் கேட்டு முடித்தார். அந்தச் சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் பெயர், வண்டி நம்பர், நேரம், மிஷின் எண் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் என் துரதிர்ஷ்டம்.

சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். அப்படி ஒரு தீர்ப்பு இருக்கிறதாம், 1971-ல் மகாராஷ்டிராவிலிருந்து வந்த பச்சுபாய் வழக்கு. சாராய வாசனை, தள்ளாட்டம், குழறல் மட்டும் போதாது, ரத்தப் பரிசோதனை இல்லை என்று அதில் விட்டார்கள். “ஆனா அது மிஷின் கணக்கு வர்றதுக்கு முந்தின காலம். 1994 திருத்தத்துலதான் மூச்சுக் கருவியில 30 மில்லிகிராம்ங்கிற அளவு சட்டத்துக்குள்ள வந்துச்சு. உங்ககிட்ட 68-னு சீட்டே இருக்கு. அந்தத் தீர்ப்பு உங்களைக் காப்பாத்தாது.” பாதி உண்மையைச் சொல்லி முழுப் பணத்தையும் வாங்கியிருக்கிறார் அந்த மனிதர்.

வக்கீலால் இந்த வழக்கில் ஒன்றுமே செய்ய முடியாது என்றில்லை. கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 202-வது பிரிவு சொல்கிறது. சீட்டில் பெயரோ நேரமோ தப்பாக இருந்தால் அதைக் கேள்வி கேட்கலாம். உண்மையிலேயே குடிக்காதவர் ரத்தப் பரிசோதனை கேட்டு வழக்கை நடத்தலாம். லைசென்ஸை நிறுத்தி வைக்கும் முன் ஆர்டிஓ நம் தரப்பைக் கேட்டாக வேண்டும். எனக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது, லைசென்ஸில் இருந்த பழைய வாடகை வீட்டு முகவரிக்கு. பிழைப்பே பைக்கில்தான், முதல் தடவை என்று பதில் எழுதியிருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கலாம் என்றார் மேடம். இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். நான் எழுதவே இல்லை. மூன்று மாதம் சஸ்பெண்ட்.

யாராலும் செய்ய முடியாத ஒன்று, ஸ்டேஷனிலேயே பேசி முடிப்பது. குடித்துவிட்டு ஓட்டுவது அதே சட்டத்தின் 185-வது பிரிவுக் குற்றம். அதை அபராதம் வாங்கிக்கொண்டு அங்கேயே முடித்துவைக்கப் போலீஸுக்கு அதிகாரம் கிடையாது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 அபராதம், இரண்டுமேகூட. மறுபடி மாட்டினால் இரண்டு வருடம் வரை, அல்லது 15,000, அங்கேயும் இரண்டுமேகூட. “அங்கங்க குடுக்கணும்” என்று ஒருவர் சொன்னால் அந்த அங்கங்க அவர் பாக்கெட்டுக்குள்தான் இருக்கிறது.

மேடம் இ-கோர்ட்ஸ் செயலியில் என் வழக்கைத் தேடி எடுத்தார். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் இலக்கமுமாக 16 இடத்தில் சிஎன்ஆர் என்று ஓர் அடையாள எண் இருக்கிறது, அதைப் போட்டால் எந்த வாய்தாவில் என்ன நடந்தது என்று வரிசையாக வந்துவிடும். மூன்று வாய்தாவிலும் நான் ஆஜராகவில்லை என்று பதிவாகியிருந்தது. என் சார்பில் எந்த வக்கீலும் ஆஜராகவில்லை. நான் கையெழுத்துப் போட்ட வக்காலத்து கோர்ட் வாசலைக்கூட மிதிக்கவில்லை. கடைசி வரியில் ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்ட். மோட்டார் ரூமில் அந்தப் போனைக் கட் பண்ணிய என் கை அப்போது நடுங்கியது.

கோர்ட் நாள் பெரிதாக ஒன்றுமில்லை. வாரண்டைத் திரும்பப் பெற மனு, ரத்தானது. பெயர் கூப்பிட்டார்கள், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்றார்கள், ஒப்புக்கொண்டேன். 10,000 கட்டினேன், இந்தத் தடவை என் பெயர் போட்ட ரசீது. மதியத்துக்குள் முடிந்தது. மேடம் ஃபீஸ் 3,500, அதற்கும் ரசீது கொடுத்தார். இதை பிப்ரவரியிலேயே செய்திருக்கலாம்.

பணத்தைத் திரும்ப வாங்க முதலில் நினைத்தது நுகர்வோர் கோர்ட். அங்கே போக முடியாது. வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்தில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 14 அன்று தீர்ப்பு சொல்லிவிட்டது. வக்கீல் மேல் புகார் கொடுக்க வேண்டிய இடம் மாநில பார் கவுன்சில், வழக்கறிஞர் சட்டம் 35-வது பிரிவு. ஒரு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் புகார் அகில இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். ஆள் வைத்துக் கட்சிக்காரரைப் பிடிப்பதே வக்கீலுக்கு விதிமீறல். 2023-ல் இந்தப் புரோக்கர்களுக்கு என்றே 45ஏ என்று தனிப்பிரிவு சேர்த்து, அவர்கள் பட்டியலைக் கோர்ட்டே வெளியிடலாம் என்று வைத்திருக்கிறார்கள். டீக்கடையில் என்னைப் பிடித்த ஃபைல்காரர் பட்டியலில் வர இன்னும் எத்தனை காலமோ. அவர் மேலும் அவர் மச்சான் மேலும் ஏமாற்றியதாகப் போலீஸில் தனிப் புகார் கொடுத்திருக்கிறேன். ஜிபே பணம் போன மூன்று ஸ்கிரீன்ஷாட்தான் என்னிடம் இருந்த ஒரே உருப்படியான சாட்சி. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இப்படி ஆனால், மிஷினில் ஊதியதும் வரும் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மை சீக்கிரம் மங்கிவிடும். வக்கீலிடம் பார் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். சிஎன்ஆர் எண்ணை வாங்கி நீங்களே பாருங்கள். கையில் காசில்லை என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், அது இலவசச் சட்ட உதவி எண். பெண்கள், எஸ்சி எஸ்டி, வருமானம் குறைந்தவர்கள், காவலில் இருப்பவர்களுக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். எனக்கு இதெல்லாம் அந்த டீக்கடையில் தெரிந்திருக்கவில்லை.

மூன்று மாதம் எட்டுக் கிலோ டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். நடுராத்திரி அழைப்புக்கெல்லாம் ஆட்டோ, என் காசில்.

பணம்கூடப் போகட்டும். என் கையெழுத்தோடு இரண்டு வெள்ளைத்தாள் இன்னும் அந்த மாடியில்தான் இருக்கிறது. அவற்றை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது, உடனே திருப்பித் தர வேண்டும் என்று மேடம் ஒரு நோட்டீஸ் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பினார். ‘கதவு பூட்டியுள்ளது’ என்று எழுதித் திரும்பி வந்தது. உறையைப் பிரிக்காமல் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறார். பீரோவில் லைசென்ஸுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.