பணியிடத் தச்சு வேலையில் டிராக் சா: ஒயர் ரம்பமும் பேட்டரி ரம்பமும்

ஒரே நிறுவனம் தயாரித்த இரண்டு டிராக் சா ரம்பங்களை (பலகைமேல் வைத்த டிராக்கில் நேராக ஓடும் வட்ட ரம்பம்), ஒன்று ஒயர் உள்ளது, மற்றொன்று இரண்டு 18 வோல்ட் பேட்டரிகளில் இயங்குவது, சில ஆண்டுகளாகப் பணியிடங்களில் மாறி மாறிப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டிலும் 165 மி.மீ. பிளேடுதான். இரண்டும் ஒரே அலுமினிய டிராக்கில் ஓடுகின்றன, நேர்வெட்டில் இரண்டுமே 55 மி.மீ. அளவுக்கு இறங்குகின்றன. மின்சாரம் வந்து சேரும் வழியைத் தவிர வேறு பெரிய வேறுபாடு இல்லாததால், ஒப்பிட்டுப் பார்க்க இது வசதியான இணை. விளம்பரங்களில் இந்த ஒப்பீடு பெரும்பாலும் சக்தியைப் பற்றியதாகவே இருக்கும். அன்றாட வேலையில் எந்த ரம்பத்தைக் கையில் எடுக்கிறேன் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது ரம்பத்திலிருந்து தூசி உறிஞ்சிக்குச் செல்லும் தூசிக் குழாய்தான்.

முதலில் சக்தியைப் பார்த்துவிடலாம். 18 மி.மீ. ப்ளைவுட், எம்.டி.எஃப் (மர நார்களை அழுத்திச் செய்த பலகை), லேமினேட் ஒட்டிய பலகை ஆகியவற்றில் இரண்டுக்கும் இடையே வெட்டின் தரத்தில் எந்த வித்தியாசத்தையும் நான் கண்டதில்லை. விளிம்பில் சில்லு பெயராமல் வருவது பிளேடின் கூர்மையையும், டிராக்கின் ஓரத்தில் உள்ள ரப்பர் பட்டையின் நிலையையும், தள்ளும் வேகத்தையும் பொறுத்தது. வித்தியாசம் தெரிவது தடித்த கடின மரத்தில். 40 மி.மீ. கனமுள்ள பலகையை நார் ஓட்டத்தோடு நீளவாக்கில் அறுக்கும்போது, ஒயர் ரம்பம் குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு முன்னே செல்லும். பேட்டரி ரம்பத்தில் வேகத்தைக் குறைத்துத் தள்ள வேண்டியிருக்கும், அவசரப்பட்டால் மோட்டாரைக் காக்கும் மின்னணுச் சுற்று ரம்பத்தை நிறுத்திவிடும். 48 பற்கள் உள்ள நுண்வெட்டு பிளேடைக் கழற்றிவிட்டு, பற்கள் குறைந்த நீள்வெட்டு பிளேடைப் பொருத்தினால் இந்தச் சிரமத்தின் பெரும்பகுதி குறைந்துவிடுகிறது. புதிய மாடல்கள் சிலவற்றுக்கு 1.8 மி.மீ. அகலம் மட்டுமே அறுக்கும் மெல்லிய பிளேடு வருகிறது. பழைய 2.2 மி.மீ. பிளேடோடு ஒப்பிட்டால் தூளாக்க வேண்டிய மரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவதால், பேட்டரிக்கு இது நல்ல உதவி. ஆனால் பிளேடின் தடிமனை மாற்றினால் ரப்பர் பட்டையின் விளிம்பு வெட்டுக்கோட்டோடு பொருந்துகிறதா என்று சோதித்துக்கொள்வது அவசியம். பட்டையை வெட்டுக்கோடாக நம்பித்தானே டிராக்கையே வைக்கிறோம்?

பேட்டரியின் கணக்கு எளிமையானது. 5 ஆம்பியர்-மணி கொண்ட 18 வோல்ட் பேட்டரியில் 90 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 180. தொடர்ந்து 1000 வாட் இழுத்தால் அது பதினொரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ப்ளைவுட் வெட்டும்போது அவ்வளவு இழுப்பதில்லை, ஒரு வெட்டு முடிந்து அடுத்த வெட்டுக்கு அளந்து கோடு போடும் நேரத்தில் ரம்பம் சும்மா இருக்கிறது என்பதால், சாதாரண அறை வேலையில் ஒரு ஜோடி பேட்டரி நியாயமாகவே தாங்குகிறது. சமையலறை அலமாரி முழுவதற்குமான பலகைகளை ஒரே மூச்சில் அறுக்கும் நாளில் நிலைமை வேறு. அன்று சார்ஜரின் விளக்கைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டியிருக்கும், சூடாக வந்த பேட்டரி குளிரும் வரை சார்ஜர் காத்திருப்பதும் அதில் சேரும்.

பேட்டரியின் கொள்ளளவைவிட அதன் உள்ளமைப்பு முக்கியம் என்பதையும் நீண்ட காலப் பயன்பாடு காட்டுகிறது. 18 வோல்ட் வகையில் ஐந்து செல்கள் மட்டுமே உள்ள சிறிய பேட்டரியில், ரம்பம் இழுக்கும் மின்னோட்டம் முழுவதும் ஒவ்வொரு செல்லின் வழியாகவும் போக வேண்டும். பத்து செல்கள் இருவரிசையாக அமைந்த பேட்டரியில் அந்தச் சுமை பாதியாகப் பிரிகிறது. அதனால்தான் டிரில்லுக்குப் போதுமான சிறிய பேட்டரியை இந்த ரம்பத்தில் மாட்டினால், சார்ஜ் மீதமிருக்கும்போதே அது திணறுகிறது. மேலும், இரண்டு பேட்டரிகளும் தொடரிணைப்பில் இயங்குவதால், ஒன்று நிறைந்தும் மற்றொன்று பாதியாகவும் இருந்தால் பலவீனமானது தீரும் இடத்திலேயே ரம்பம் நின்றுவிடும். ஒரே வயதுள்ள இரண்டை ஜோடியாகக் குறியிட்டு, சேர்த்தே சார்ஜ் செய்து, சேர்த்தே பயன்படுத்துவது நல்ல பழக்கம்.

இனி தூசிக் குழாய்க்கு வருவோம். மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக, முதல் வகையில், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. எம்.டி.எஃப் பலகையின் மெல்லிய தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மூடிய அறைக்குள், அதுவும் ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்குள், தூசி உறிஞ்சி இல்லாமல் பலகை அறுப்பதை நான் ஏற்பதில்லை. அப்படியானால் ரம்பத்தின் பின்னால் ஒரு குழாய் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும், அது மின் ஒயரைவிடத் தடிமனானது, விறைப்பானது. குழாயைப் பொருத்திய கணமே பேட்டரி ரம்பத்தின் சுதந்திரத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. தூசி உறிஞ்சிக்கு எப்படியும் மின்சாரம் வேண்டும் என்பதால் ஒரு ஒயர் அறைக்குள் வந்தே தீரும். பேட்டரியில் ஓடும் தூசி உறிஞ்சிகளும் உண்டு, ஆனால் அவை சார்ஜ் செய்ய வேண்டிய பேட்டரிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால், பலகை அறுக்கும் வேலைக்கு எனக்கு அவற்றின்மேல் ஆர்வம் வரவில்லை.

இந்த இடத்தில் ஒயர் ரம்பத்துக்கு அமைதியான ஓர் அனுகூலம் இருக்கிறது. அதன் பிளக்கைத் தூசி உறிஞ்சியில் உள்ள சாக்கெட்டிலேயே செருகலாம். ரம்பத்தின் விசையை அழுத்தியதும் உறிஞ்சி தானாகத் தொடங்கி, விசையை விட்ட சில நொடிகளுக்குப் பின் நிற்கும். பேட்டரி ரம்பத்தில் இதே வசதியைப் பெற ரேடியோ இணைப்பு தேவைப்படுகிறது. ஃபெஸ்டூல் இதற்கு ப்ளூடூத் பேட்டரிகளைத் தருகிறது, மகிதா ஏ.டபிள்யூ.எஸ் என்ற பெயரில் ரம்பத்தில் செருகும் சிறு மின்னணுச் சில்லைத் தருகிறது. இணைந்துவிட்டால் நன்றாகவே வேலை செய்யும். ஆயினும் அதற்கு ஏற்ற தூசி உறிஞ்சியும் வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒயர் ரம்பத்தைப் பற்றிய பொதுவான குறை, நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் தளர்ந்துவிடும் என்பது. 230 வோல்ட் இணைப்பில் 1.5 ச.மி.மீ. செம்பு ஒயர் 30 மீட்டர் நீளம் இருந்தாலும், 1300 வாட் ரம்பத்துக்கு இழப்பு நான்கைந்து வோல்ட்தான். கையில் அது தெரியாது. ஒயரை உருளையில் சுற்றியபடியே சுமை ஏற்றினால் அது சூடாகும் என்பதுதான் கவனிக்க வேண்டிய ஆபத்து. உண்மையான தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. வெட்டு பாதி தூரம் சென்றபோது ஒயரோ குழாயோ டிராக்கின் நுனியில் மாட்டிக்கொள்ளும்; ரம்பம் ஒரு கணம் தயங்கும்; அந்த இடத்தில் விளிம்பில் ஒரு சிறு தழும்போ கருகலோ விழும். ஒயரையும் குழாயையும் சேர்த்துப் பட்டையால் கட்டிவிட்டு, டிராக்கின் முழு நீளத்துக்கும் போதிய தளர்வை முன்கூட்டியே இழுத்துப் போட்டுக்கொண்டால் இது அரிதாகிவிடும். சேர்த்துக் கட்டிய அவற்றைத் தோளின்மேல் போட்டுக்கொண்டு வெட்டுவது இன்னும் நல்லது. 2440 மி.மீ. நீளப் பலகையை ஒரே ஓட்டத்தில் வெட்ட 3000 மி.மீ. டிராக் இருந்தால் சிறப்பு, ஆனால் அதைப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு போகிறவருக்குத்தான் அதன் விலை தெரியும். இரண்டு குட்டை டிராக்குகளை இணைக்கும்போது, நேரான மட்டச் சட்டத்தைப் பக்கவாட்டில் வைத்துச் சரிபார்த்த பிறகே இணைப்பை இறுக்க வேண்டும். எந்த ரம்பம் ஆனாலும் இது பொதுவிதி.

பேட்டரி ரம்பம் தன் மதிப்பைக் காட்டுவது பலகை அறுக்கும் மேசையிலிருந்து விலகிய வேலைகளில். புதிய தரை போட்ட பின் கதவின் அடியை அறுத்துக் குறைப்பது, பொருத்திய அலமாரியின் பக்கப் பலகையைச் சுவருக்கு ஏற்பச் சீராக்குவது, இன்னும் மின் இணைப்பு வராத மாடி, கூரைச் சட்டங்களுக்கு மேல் போட்ட பலகை என எல்லாமே ஒன்றிரண்டு வெட்டில் முடிபவை. கதவைக் கழற்றி இரண்டு முக்காலிகள்மேல் படுக்க வைத்து, டிராக்கைப் போட்டு, வெட்டி, மீண்டும் மாட்டுவதற்குள், ஒயர் ரம்பத்தோடு இருந்தால் சாக்கெட்டைத் தேடி ஒயரை விரித்துக்கொண்டிருப்போம். இத்தகைய வெட்டைக் காற்றோட்டமான வெளியிடத்தில், முகக்கவசம் அணிந்து, தூசிப் பையோடு முடித்துவிடலாம். ஓரத்தில் இரண்டு மூன்று மி.மீ. மட்டும் சீவி எடுக்கும்போது பிளேடின் வெளிப்பக்கம் திறந்தே இருப்பதால், குழாய் பொருத்தியிருந்தாலும் தூள் முழுவதும் உள்ளே போவதில்லை. பை குறைவாகப் பிடிக்கிறது என்று அங்கே வருந்திப் பயனில்லை.

எடையில் பேட்டரி வகை சற்றே கூடுதல். ஃபெஸ்டூல் நிறுவனத்தின் இணை மாடல்களை எடுத்துக்கொண்டால், ஒயர் உள்ளது சுமார் 4.5 கிலோ, இரண்டு பேட்டரிகளோடு உள்ளது சுமார் 5.3 கிலோ. டிராக்கின்மேல் ஓடும்போது இந்த வேறுபாடு உறைக்காது, ஏணியில் ஒரு கையால் தூக்கிச் செல்லும்போது உறைக்கும். ஓசையில் பேட்டரி வகை தெளிவாகவே மென்மையானது. பக்கத்து அறையில் குழந்தை உறங்கும் வீட்டில் அதற்கு மதிப்பு உண்டு. பாதுகாப்பைப் பொறுத்தவரை ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பேட்டரி மாட்டியிருக்கும் ரம்பம் எங்கே கிடந்தாலும் ஓடத் தயாராகவே இருக்கிறது. பிளேடு மாற்றுவதற்கு முன் இரண்டு பேட்டரிகளையும் கழற்றி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் சாவியைக் கையில் எடுக்க வேண்டும்.

பராமரிப்பில் இரண்டும் வெவ்வேறு வழியில் முதுமை அடைகின்றன. ஒயர் ரம்பத்தில் மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேயும், கைப்பிடியின் அருகே ஒயரின் உறை விரியும். இரண்டும் சிறு செலவில் பணியிடத்திலேயே சரிசெய்யக்கூடியவை. பேட்டரி ரம்பத்தில் பெரும்பாலும் பிரஷ் இல்லாத மோட்டார் என்பதால் அந்தத் தேய்மானம் இல்லை, அதன் முதுமை பேட்டரியில் குடியிருக்கிறது. என் பழைய ஜோடி இப்போதும் டிரில்லை நன்றாக ஓட்டுகிறது, ஆனால் ரம்பத்தில் மாட்டினால் கடின மரத்தில் விரைவாகத் தளர்கிறது. அதனால் புதிய ஜோடியை ரம்பத்துக்கு ஒதுக்கி, வயதானவற்றைச் சிறு கருவிகளுக்கு இறக்கிவிடுகிறேன். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பேட்டரிகளை விட்டுவைக்காதிருப்பது அவற்றின் ஆயுளுக்கு நல்லது.

ஒன்றைத்தான் வாங்க முடியும் என்று கேட்பவரிடம், பெரும்பாலான வெட்டுகள் தூசி உறிஞ்சியோடு ஒரே இடத்தில் நடக்குமா என்று முதலில் கேட்பேன். ஆம் என்றால் ஒயர் ரம்பம், அதில் மிச்சமாகும் பணத்தில் நல்ல தூசி உறிஞ்சி. கதவும் சீரமைப்பும் வீடு வீடாகச் செல்வதுமே தொழில் என்றால், அதே நிறுவனத்தின் பேட்டரிகள் ஏற்கெனவே கைவசம் இருக்கும்பட்சத்தில், பேட்டரி ரம்பத்தைத் தயங்காமல் எடுக்கலாம். பேட்டரி, சார்ஜர் எல்லாவற்றையும் புதிதாகவே வாங்க வேண்டியவருக்கு அந்தத் தயக்கம் நியாயமானது. எதை வாங்கினாலும் டிராக்கின் அடிப்பள்ளம் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றல்ல என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபெஸ்டூல், மகிதா டிராக்குகள் ஒன்றில் மற்றொன்றின் ரம்பம் ஓடும். பாஷ், மாஃபெல் டிராக்குகள் தங்களுக்குள் பொருந்தும். முதல் ஜோடியின் ரம்பம் இரண்டாவது ஜோடியின் டிராக்கில் உட்காராது.